எந்தக் கட்சியிலும் இல்லை என்று உறுதியளிக்கிறேன்

எங்கள் வீட்டில் சொத்தைப் பிரிப்பதற்கு முன்பே கட்சியைப் பிரித்துவிட்டார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது மாமனார் ஒரு கட்சி. மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், அதற்கு நேர் எதிர்க்கட்சி. கொள்கைச் சண்டை வந்து ஒருநாள் வெட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று முதல் மாதம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். அவர்களோ ஒரே வண்டியில் ஏறித் தறிக்குடோனுக்குப் போனார்கள், ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்தார்கள். தேர்தல் வந்தால் மட்டும் வண்டியை விட்டு இறங்கித் தனித்தனியாக நடந்தார்கள்.

என் ஓரகத்திதான் விளக்கம் சொன்னாள். அவள் மூத்தாரின் மனைவி, என்னைவிட ஆறு வருஷம் முன்னால் இந்த வீட்டுக்கு வந்தவள்.

"கரண்டு ஆபீசு, தாலூக்கா ஆபீசுன்னு போனா நம்மாளு ஒருத்தராவது இருக்கோணுமில்ல? மாமா அதுல, இவுரு இதுல. எவன் செயிச்சாலும் நம்மூடு தோக்காது பாரு."

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஜனநாயகத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லித் தரவில்லை. குமாரபாளையத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பேரூராட்சியில் முக்கால்வாசி வீடுகள் இப்படித்தான் இருந்தன. அப்போது ஊரில் கட்சி இரண்டு, அதனால் வீட்டில் ஆம்பளை இரண்டு பேர் இருந்தால் போதும். மூன்றாவது ஆம்பளையான என் கணவருக்குக் கொடுக்கக் கட்சி இல்லை. அவரைத் தறி ஓட்ட விட்டுவிட்டார்கள்.

வேட்டி துவைக்கும் பொறுப்பு என்னுடையது. இரண்டு கட்சிக் கரையையும் ஒரே வாளியில் ஊற வைத்தால் சாயம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். ஒருமுறை அப்படி ஏறிப்போய், மாமனாரும் மூத்தாரும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். இரண்டு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து குரல் கொடுத்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் மகளின் காதுகுத்துக்குப் பந்தலின் இடப்பக்கம் ஒரு தலைவர், வலப்பக்கம் ஒரு தலைவர் என்று பிளக்ஸ் வைத்தோம். விசேஷம் முடிந்ததும் இரண்டு தலைவர்களையும் குப்புறப் போட்டுத் தறிக்குடோன் கூரையின் ஓட்டையை மூடினோம். மழை ஒழுகாமல் நின்றது. இரண்டு கட்சியாலும் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த நிச்சயமான பலன் என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

மற்றபடி தறி படுத்துவிட்டது. நூல் விலை ஏறியது, கரண்டுக் கட்டணம் ஏறியது, துணி விலை மட்டும் மரியாதையாக இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு தறி எட்டாகி, எட்டு நான்கானது. ஓடாத தறியை யாரும் தறியாக வாங்குவதில்லை, இரும்பாகத்தான் வாங்குவார்கள், அதுவும் எடை போட்டு. எங்கள் ஊரில் அந்தப் பழைய இரும்புக் கடையை வைத்திருந்தவர்தான் மாமனார் கட்சியின் பேரூர்ச் செயலாளர். வெள்ளைச் சட்டை, பேசும்போது நெஞ்சில் கை வைக்கும் பழக்கம், எந்தப் பெண்ணையும் அம்மிணி என்று கூப்பிடும் பாசம். எங்கள் தறியைக் கழற்றித் தராசில் ஏற்றும்போது, "அந்தக் காலத்துத் தறியுங்க, நல்ல கனம்" என்று பாராட்டினார். அன்று சாயங்காலமே பேருந்து நிலையத்தில் விசைத்தறித் தொழிலைக் காப்பாற்றச் சொல்லி ஒரு மணிநேரம் தொண்டை கிழியப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேரின் தறி அவர் கடையில் கிடந்தது.

என் கணவர் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு மேற்பார்வை வேலைக்குப் போனார். பன்னிரண்டு தறிக்கு முதலாளி மகனாக இருந்த மனிதர், சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோனதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியாது. கூலியோடு கீறல் விழுந்த முட்டைகளை ஒரு பையில் கொடுத்தனுப்புவார்கள், அதுதான் எங்கள் குழம்பு, பொரியல் எல்லாம்.

அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அரசு தொடக்கப் பள்ளி. என் மகளை அங்கேதான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தேன். அந்தப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் இடம் காலியாகவே கிடந்தது. வேறு பள்ளியின் அமைப்பாளர் ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்து இங்கேயும் அரிசி அளந்து போட்டுவிட்டுப் போவார். நான் பன்னிரண்டாம் வகுப்பு பாஸ். பள்ளியிலிருந்து என் வீடு நூறு அடி. பிள்ளைகளுக்குச் சோறு போடும் வேலை, மாதமானால் சம்பளம். ராத்திரி பகலாக அதையே நினைத்தேன். பெரிய கனவெல்லாம் இல்லை, என் கணவர் அந்தப் பஸ்ஸில் வாரத்துக்கு ஒருநாளாவது போகாமல் வீட்டில் கிடக்கட்டும் என்பதுதான்.

விண்ணப்பப் படிவத்தை நானே வாங்கி நானே நிரப்பினேன். அதில் பதினோராவது வரி இப்படி இருந்தது: "நான் எந்த அரசியல் கட்சியிலும் உறுப்பினராகவோ பொறுப்பிலோ இல்லை என்று உறுதியளிக்கிறேன்." கீழே கையெழுத்துப் போட்டேன். மாமனார் தன் கட்சியின் பேரூர்ச் செயலாளரிடம் வாங்கிவந்த சிபாரிசுக் கடிதத்தை, அந்த வரிக்கு மேலேயே குண்டூசியால் குத்திக் கொடுத்தார். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் கடிதத்தை முதலில் படித்தார், படிவத்தைப் பிறகு புரட்டினார். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் படிவத்திலும் அதே வரியின் மேல் அதே குண்டூசி. கட்சியில் இல்லை என்பதற்கும் ஒரு கட்சியின் சிபாரிசு வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அந்த வரியை யாருமே ஒரு வரியாக நினைக்கவில்லை, நானும்தான்.

கடிதம் சும்மா வருமா? என் இரண்டு வளையல் இரும்புக் கடைக்குப் போனது. "நம்மூட்டுப் புள்ளைக்கு நாஞ் செய்யாம வேற யாரு செய்யறது, அம்மிணி" என்று நெஞ்சில் கை வைத்தார். என் வளையலையும் அதே தராசில் நிறுத்தாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆணை வருவதற்குள் தேர்தல் வந்துவிட்டது, ஆட்சி மாறிவிட்டது. மாமனார் ஒரே ராத்திரியில் பழைய வேட்டி ஆனார். மூத்தார் புது வேட்டி கட்டினார். வீட்டில் டீ முதலில் யாருக்குப் போகும் என்ற வரிசைகூட மாறியது. இதற்குத்தானே இரண்டு கட்சியில் இரண்டு பேரை வைத்திருக்கிறோம் என்று நான் நிம்மதியாக மறுபடி படிவம் வாங்கினேன். மறுபடி பதினோராவது வரி, மறுபடி கையெழுத்து, மூத்தார் கட்சிக் கடிதத்துக்குப் புதுக் குண்டூசி. சொந்தத் தம்பி பெண்டாட்டி என்றால் கொஞ்சம் குறைப்பார்கள் என்று நினைத்தேன்.

"கச்சிக்குள்ள அப்பிடியெல்லாம் பாக்க மாட்டாங்க" என்றார் மூத்தார். நேர்மையான கட்சி, யாருக்கும் சலுகை கிடையாது. நான்கு தறியில் இரண்டு கழன்றது. வாங்கியவர் அதே இரும்புக் கடைக்காரர்தான். எதிர்க்கட்சியில் இருந்தாலும் இரும்பு விஷயத்தில் அவர் பாகுபாடு பார்ப்பதில்லை.

நேர்காணல் நடந்தது. பிறகு பட்டியலை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டால் மேலே கையைக் காட்டினார்கள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் புதுக் கட்சி வந்தது. லஞ்சத்தை ஒழிக்கவே பிறந்த கட்சி. டீக்கடையில், சாயப்பட்டறையில், முடிவெட்டும் கடையில் எல்லாம் அதே பேச்சு. ஜனங்களுக்கு இரண்டு கட்சி மேலும் அப்படி ஒரு வெறுப்பு. தறி போனவன், கடன் வாங்கி லாரி வாங்கியவன், வேலைக்குக் கொடுத்து ஏமாந்தவன் என்று எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். எங்கள் வீட்டிலும் உடனே கூட்டம் கூடியது. லஞ்சத்தை எப்படி ஒழிப்பது என்று பேசுவதற்கு இல்லை, மூன்றாவது கட்சிக்கு யாரை அனுப்புவது என்று பேசுவதற்கு. இவ்வளவு நாள் கட்சி இல்லாமல் கிடந்த என் கணவருக்கு விடிவுகாலம் பிறந்தது. "நீ போடா" என்றார் மாமனார். அவ்வளவுதான் உறுப்பினர் சேர்க்கை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் மட்டும் அந்தக் கட்சியில் நம்பிச் சேர்ந்தார். முதல் கூட்டத்துக்குப் பண்ணையில் லீவு போட்டுவிட்டு, குளித்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேடையில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். பழைய இரும்புக் கடைக்காரர். லஞ்சம் வாங்கும் கையை வெட்ட வேண்டும் என்றார். தன்னுடைய இரண்டு கையையும் ஆட்டி ஆட்டித்தான் சொன்னார்.

கூட்டம் முடிந்து அவர் இறங்கி வந்தபோது நான் போய் நின்றேன். என் கணவர் கையைப் பிடித்து இழுத்தார், நான் விடவில்லை. "ஏனுங்க, என்ற வளையலு ரெண்டு உங்ககிட்ட இருக்குதுங்களே?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "அம்மிணி, அது போன கச்சியில குடுத்தது. இந்தக் கச்சியில செல்லாதுங்க. நாங்கெல்லாம் இப்ப சுத்தமாயிட்டமில்ல?" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். என் கணவர் அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். ஆனாலும் கட்சியை விடவில்லை. விட்டால் வேறு எங்கே போவது என்று கேட்டார்.

அடுத்து உள்ளாட்சித் தேர்தல். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. இரும்புக் கடைக்காரர் ஒருநாள் காலையில் வீட்டுக்கே வந்தார், கையில் ஆப்பிள் பை. "படிச்ச புள்ள நீங்க. உங்களை உட்டா இந்த வார்டுல நம்ம கச்சிக்கு நிக்க யாருங்க இருக்காங்க? செலவு பூராக் கச்சி பாத்துக்கும். நின்னு வெளுத்துக் கட்டுங்க அம்மிணி."

எனக்கு எரிச்சலும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. பெருமையைத்தான் இப்போது நினைத்தால் என் தலையிலேயே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. கவுன்சிலர் ஆனால் யார் காலிலும் விழாமல் என் வேலையை நானே கேட்டு வாங்கலாம் என்று கணக்குப் போட்டேன். கவுன்சிலரான பிறகு சத்துணவு வேலை எதற்கு, கொடுக்கத்தான் கொடுப்பார்களா என்று யோசிக்கவில்லை. சரி என்றேன்.

நான் நிற்கிறேன் என்றதும் மூத்தார் கட்சி என் ஓரகத்தியை நிறுத்தியது. அவளும் அதே சத்துணவு வேலைக்கு ஒருமுறை எழுதிப் போட்டவள்தான். மாமனார் கட்சி சும்மா இருக்குமா? அத்தையை, அதாவது என் மாமியாரை, நிறுத்தியது. ஒரு வீடு, ஒரு அடுப்பு, மூன்று வேட்பாளர். மூன்று பேரும் ஒன்றாக ஓட்டுக் கேட்கப் போனால் சமையலுக்கு ஆள் இல்லை என்பதால் முறை வைத்துக்கொண்டோம். காலையில் அத்தை போவார், மதியம் ஓரகத்தி, சாயங்காலம் நான். வீட்டில் இருப்பவள் மற்ற இருவரின் கட்சிக்காரர்களுக்கும் டீ போட வேண்டும், ஆம்லெட் போட வேண்டும். கீறல் முட்டை இல்லையென்றால் மூன்று கட்சியும் பட்டினிதான்.

தெருவில் ஒரு பாட்டி என்னைப் பிடித்து நிறுத்தினார். "சாமி, வெடிய உங்கத்தை வந்தா, அப்பறம் உங்கக்கா வந்தா, இப்ப நீ வார. உங்கூட்டுல ஓட்டுப் போடறதுக்கு யாராச்சும் பாக்கி இருக்காங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கும்பிட்ட கையோடு நான் இருக்கும் பிளக்ஸ் ஊர் முழுக்க நின்றது. நான் வேலை கேட்டு அலைந்த அலுவலகத்துக்கு எதிர்ச்சுவரிலும் ஒன்று.

முடிவு வந்தது. நான் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. ஓரகத்தி கொஞ்சம் கூட, அத்தை கொஞ்சம் குறைவு. மூன்று பேரையும் தோற்கடித்து ஜெயித்தது எந்தக் கட்சியிலும் சேராத ஒரு சுயேச்சை, அடுத்த தெருவில் இட்லி சுட்டு விற்கும் பெண். எங்கள் மூன்று கட்சிக்கும் மக்கள் பாடம் புகட்டிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் தோற்ற வருத்தத்துக்கு நடுவில் ஒரு சந்தோஷம் இருந்தது. நாலாம் நாள் அந்தப் பாடம் ஆளுங்கட்சியில் சேர்ந்துவிட்டது. தனியாகச் சேரவில்லை, கூட்டிக்கொண்டு போனவரும் அதே மேடையில் சேர்ந்தார். நெஞ்சில் கை வைத்துப் பேசினார். புதுக் கட்சியில் லஞ்சம் தலைவிரித்தாடுவதைப் பார்த்து மனம் வெறுத்து வந்ததாகச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, நிறுத்தி வைத்த பட்டியலை ரத்து செய்துவிட்டுப் புதிதாக விண்ணப்பம் கேட்டார்கள். நான் மூன்றாவது முறையாகப் படிவம் வாங்கினேன். பெயர், வயது, படிப்பு, வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம். பதினோராவது வரிக்கு வந்ததும் கை தானாகக் கையெழுத்துப் போட்டது. இரண்டு தடவை போட்டுப் பழகிய கை. எங்கள் வீட்டில் அந்த வரியை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான், மறந்தவளும் நான் ஒருத்திதான். மூத்தார் கட்சிக் கடிதத்தைக் குண்டூசியால் குத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேர்காணலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார், நல்ல அதிகாரியாகத்தான் தெரிந்தார். என் படிவத்தோடு இன்னொரு தாளும் அவர் முன்னால் இருந்தது. மொட்டைக் கடிதம். அதோடு என் பிளக்ஸின் போட்டோ, கும்பிட்ட கையோடு நான், தலைக்கு மேலே கட்சித் தலைவர்.

"இது நீங்கதானேம்மா?"

எதிர்ச்சுவரில் அந்தப் பிளக்ஸ் இன்னும் கிழியாமல் நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ஆமாங்க, நான்தானுங்க."

"கட்சி சின்னத்துல நின்னிருக்கீங்க. கட்சியில இல்லைன்னு கையெழுத்தும் போட்டிருக்கீங்க. பொய் உறுதிமொழிக்கு நடவடிக்கையே எடுக்கலாம். போனாப் போகுது, தள்ளுபடியோட விட்டுடறேன்."

"அந்தக் கையெழுத்துக்கு மேலயே கச்சிக் கடுதாசியக் குத்தி வாங்கறீங்களேங்க, அது எதுக்குங்க?" என்று கேட்டேன். அவர் குண்டூசியைக் கழற்றி, கடிதத்தைத் தனியாக எடுத்து, மேசை இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அடுத்து என் ஓரகத்தி. அவளும் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாள். இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து பஸ்ஸில் திரும்பினோம். நான் அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், தேர்தலில் எதிரெதிராக நின்ற இரண்டு பேரும் ஒரே முந்தானையில் மூக்கைத் துடைத்தோம்.

வேலை இரும்புக் கடைக்காரரின் தம்பி மனைவிக்குக் கிடைத்தது. எங்கள் வார்டுதான், எங்கள் தெருவுக்கு மூன்றாவது தெரு. அந்தப் பெண் எந்தக் கட்சியிலும் இல்லையாம். அண்ணன் மூன்று கட்சி பார்த்தவர், ஆனால் அண்ணன் வேறு, தம்பி வேறல்லவா. வார்டில் அந்த வேலைக்குப் படிப்பும் தூரமும் பொருந்திவந்த மற்ற இரண்டு பேரையும் கும்பிட்ட கையோடு சுவரில் ஒட்டி வைத்தாயிற்று. ஆப்பிள் பையோடு அவர் ஏன் என்னைத் தேடி வந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் நின்றால் ஓரகத்தியை நிறுத்துவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டின் அரசியலை எங்களைவிட நன்றாகப் படித்தவர் அவர்.

என் கணவர் இப்போதும் அதே பஸ்ஸில்தான் போய்வருகிறார். இன்னொரு புதுக் கட்சி வரப்போகிறதாம், நேர்மையான ஆட்களாம். வீட்டில் இனி அனுப்ப ஆள் இல்லை என்று மாமனார் கவலைப்படுகிறார்.

புது அமைப்பாளர் வேலைக்கு வந்த முதல் நாள் மதியம் பின்பக்கம் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளியிலிருந்து தட்டுச் சத்தம் கேட்டது. என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. சாயங்காலம் வந்ததும் பையைக் கழற்றாமலே சொன்னாள், "அம்மா, புது சத்துணவு டீச்சர் ரொம்ப நல்லவங்க. நான் உன்ற புள்ளன்னு தெரிஞ்சதும் கன்னத்தைக் கிள்ளுனாங்க. உங்கம்மாவுக்குத்தான் நான் ஓட்டுப் போட்டேன்னு போய்ச் சொல்லுன்னாங்க."

நம்புகிறேன். அந்த நூற்றுப் பன்னிரண்டில் நான் ஜெயிக்க வேண்டும் என்று மனசாரப் போட்ட ஓட்டு அது ஒன்றாகத்தான் இருக்கும்.